பன்னிரண்டாவது பை

பதினொன்று… இன்னொரு தரம் எண்ணினாலும் பதினொன்றுதான், எண்ணிக்கொண்டே இருந்தால் பன்னிரண்டாகிவிடுமா என்ன, புதன்கிழமை மத்தியானம் இந்தத் தகர டப்பாவை மூடியவளே அவள்தான், வரிசைக்கு நாலாக மூன்று வரிசை, மூடியை உள்ளங்கையால் அழுத்தி, சுற்றிலும் மெழுகு தடவி வைத்தாள்… இப்போது மெழுகு உடைந்திருந்தது, மூடியின் மேல் சாக்கட்டியில் ஃபிட்டர் கோவிந்தப்பாவின் கோணல் கன்னட எழுத்து, ஒன்று எடுத்தேன், ஆஸ்பத்திரி ரத்தப் பெட்டி, வியாழன். வியாழன் என்றால் நேற்று. நேற்று விஜயதசமி, கம்பெனிக்கு லீவு, பூட்டிக் கிடந்த ஷெட்டுக்கு அவர் எதற்கு வந்தார், வந்ததுதான் வந்தார், இந்த டப்பாவையா திறக்க வேண்டும்… வேறு எதைத் திறப்பார், பொட்டு வைத்து முடித்த டப்பாக்கள் எல்லாம் செவ்வாய்க்கிழமையே லாரியில் மெட்ராஸுக்குப் போய்விட்டன, ஷெல்ஃபில் மிச்சமிருந்தது இது ஒன்றுதானே. பிரிஜெட் ஒரு பையை எடுத்துத் திருப்பினாள். சிவப்புப் பொட்டு இருந்தது. அது பெயிண்ட் இல்லை என்பது இந்த ஷெட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பிரிஜெட்டின் வேலை பொட்டு வைப்பது. சிரிக்கத் தேவையில்லை, ஐஸ் பெட்டி செய்கிற கம்பெனியில் அதுவும் ஒரு வேலைதான். விரல் நீளத் துணிப்பை, உள்ளே ஈரத்தைக் குடிக்கும் மணிகள், ஆபீஸ் காகிதத்தில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு, இங்கே எல்லாருக்கும் அது சிலிகா பை. குழாய்க்குள் ஓடுகிற கேஸில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது ஊசி நுழையாத இடத்தில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும், அந்தச் சொட்டைக் குடிக்கத்தான் இந்தப் பையை ஒரு பித்தளைக் குடுவைக்குள் போட்டு நடுவழியில் வைக்கிறார்கள். பையின் ஒரு முனையில் உள்ளே கம்பளி வில்லை ஒன்று வைத்துத் தைத்திருக்கும், மணிகள் உரசி உதிர்கிற பொடியை அது பிடித்துக்கொள்ளும், ஆகையால் கம்பளி முனை கேஸ் வெளியே போகிற பக்கம் இருக்க வேண்டும், மறுமுனை உள்ளே வருகிற பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும். கட்டைவிரலால் அழுத்தி, மெத்தென்று இருக்கிற முனையை விட்டுவிட்டு, மற்றதில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு, அவ்வளவுதான் உத்தியோகம். பைத் தட்டு டப்பாவுக்கு வெளியே இருக்கலாம் என்பது பத்தே நிமிஷம், அதற்கு மேல் வைத்தால் பெங்களூர் தூறலில் உள்ள ஈரத்தையெல்லாம் பை குடித்துவிடும், மறுபடி உலர்த்தக் கரண்ட் அடுப்புக்குப் போக வேண்டும். பதினொரு மாசத்தில் ஒரு பொட்டு தப்பியதில்லை. உன் பொட்டு இருந்தா போதும்மா, நான் தடவியெல்லாம் பாக்கறதில்ல, கண்ண மூடிக்கிட்டு உள்ள தள்ளிடுவேன் என்று கோவிந்தப்பா ஒருநாள் டீ குடிக்கிற இடத்தில் எல்லார் எதிரிலும் சொன்னார், அன்றைக்கு மர்பி டவுன் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், காலே வலிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளிவிடுவேன்… நேற்றும் அப்படித்தானே தள்ளியிருப்பார்.

முதல் பையை அழுத்தினாள், குங்குமம் இருந்த முனை மெத்தென்று இருந்தது. தப்பு. இரண்டாவது, மெத்தென்று… தப்பு. மூன்றாவது சரி. நாலாவது தப்பு, ஐந்தாவது தப்பு… விரல்தான் ஏமாற்றுகிறதோ, கண்ணை மூடி இன்னொரு தரம் அழுத்தினாள், விரல் பொய் சொல்லவில்லை. எட்டு தப்பு, மூன்று சரி. அப்படியானால் பன்னிரண்டாவது? அது சரியான மூன்றோடு சேர்ந்ததாக இருக்கக் கூடாதா, சேசுவே, அந்த ஒன்று மட்டும்… தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சீனிவாசராகவன் சார் நிற்கவைத்துச் சொன்ன பாடம் அது, பை தலைகீழாகப் போனால் பொடி தடுப்பாரில்லாமல் உள்ளே போய்க் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும், மெஷின் ஓடும், சத்தம் வரும், உள்ளே விளக்குகூட எரியும், குளிர் மட்டும் இருக்காது. ரத்தப் பெட்டி. போன மாசம் கம்பெனியில் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்களே, அந்த பாட்டில்கள்கூட அங்கேதான் இருக்கும், இவளும் போய் நின்றாள், எடை போதாதென்று அனுப்பிவிட்டார்கள், ரத்தம் கொடுக்கத்தான் வக்கில்லை, கெடுக்கவாவது… சே, என்ன நினைப்பு இது, தட்டு வெளியே வந்து எத்தனை நிமிஷம் ஆயிற்று. டப்பாவுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடினாள்.

புதன்கிழமை ஆயுத பூஜை. காலையிலிருந்தே யாரும் வேலை செய்யவில்லை, கழுவுவதும் துடைப்பதும் மாலை கட்டுவதும்தான். கரண்ட் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் லட்சுமம்மா தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு ஷெட் முழுக்கச் சுற்றினாள், தட்டில் இரண்டு கிண்ணம், மோதிர விரலால் முதலில் மஞ்சள் ஒரு இழுப்பு, அதன் மேல் குங்குமம், லேத்துக்கு, தராசுக்கு, சுத்தியலுக்கு, சார் மேஜையின் காலுக்கு, எதையும் விடவில்லை, வாய் மட்டும் அரிசினா குங்குமா, அரிசினா குங்குமா என்று கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பிரிஜெட்டின் பிரஷையும் பெயிண்ட் டப்பாவையும் வாங்கிக்கொண்டு போய் ஸ்பானர்களோடு சாமி முன்னால் வைத்துவிட்டாள், வைத்தால் மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாது. அப்புறம் பார்த்தால் அடுப்புக்குள் கடைசித் தட்டு ஒன்று வெந்துகொண்டிருக்கிறது, பன்னிரண்டு பை, பொட்டு வைக்கப் பிரஷ் இல்லை. அதுக்கின்னா மே, டப்பால போட்டு மூடி வெய்யி, வெள்ளிக்கிழம வந்து வெச்சிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் குங்குமத் தட்டை அடுப்பு ஓரத்திலேயே வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க ஓடினாள். எல்லாரும் ஓடினார்கள். பிரிஜெட் மட்டும் உள்ளே, வருஷா வருஷம்… இல்லை, அவள் இங்கே வந்ததே போன பூஜைக்கு அப்புறம்தானே, ஆனாலும் எங்கே போனாலும் இப்படித்தான், பூஜை என்றால் யாரும் போ என்று சொல்வதில்லை, வா என்றும் சொல்வதில்லை, இவளே ஒரு ஓரமாக நின்றுகொள்ள வேண்டும். ஷெட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது, தினமும் இருநூறு பொட்டு வைக்கிற இவளுடைய பைகளுக்கு மட்டும் இல்லை. அது பொறுக்கவில்லை. அதுதான் உண்மை, வேறு ஒன்றுமே இல்லை. கிண்ணத்திலிருந்து குங்குமத்தைத் தொட்டு, பைகள் கிடந்தபடியே பன்னிரண்டுக்கும் வைத்தாள், விரலால் அழுத்திப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, அது வேலை இல்லையே. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இந்தக் குங்கும ஆசை அவளுக்கு ஒன்பது வயசிலேயே வந்தது. மாதா கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்ட வாங்கிய சிவப்பு வழவழப்புத் தாளை எச்சில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள், அம்மா டோரீன் பார்த்துவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள், சாயம் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நெற்றியில் ரோஸ் கறையோடு போய் முக்காட்டை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டு… அப்போது பங்குச் சாமியார் பார்த்தாரா, பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தாரா, இன்றைக்குவரை தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் நாள். குங்குமம் தொட்டேன் சாமி என்று சொல்லிவிடலாம், அது சுலபம், வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு காது, மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம், முடிந்தது. இங்கே யாரிடம் சொல்வது.

இன்னா மே பிரிஜெட்டு, டப்பாவையே மொறச்சிப் பாத்துக்கினு குந்திக்கினு கீற, என்று லட்சுமம்மா அடுப்பைத் திறந்துகொண்டே கேட்டாள், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது, நேத்து சேதி தெர்யுமா, ஆஸ்பத்திரில பொட்டி நின்னுபுட்சாம், கோவிந்தண்ணா ஊட்டுக்கே ஆள் வந்துட்ச்சாம், சாமி முன்னாடி வெச்ச ஸ்பானர எட்க்கறமேன்னு கன்னத்துல போட்டுக்கினு எட்த்தாராம் பாவம், சாயங்காலம் ஓட்டிட்டுத்தான் ஊட்டுக்குப் போனாராம். ஓட்டிவிட்டார். ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலத்திலிருந்து இந்நேரம் வரைக்கும் எத்தனை மணி நேரம்… ஒக்கலிபுரம் பக்கம் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது, அது ஓய்ந்த பிறகுதான் சார் அறையில் டெலிபோன் மணி அடிப்பது காதில் விழுந்தது. சீனிவாசராகவன் சார் பேசுவது எப்போதும் ஷெட் முழுக்கக் கேட்கும், மல்லேஸ்வரத்திலிருந்து டெலிபோன் இல்லாமலே பேசலாம் என்று கோவிந்தப்பா கேலி செய்வார். ஆமாம் சிஸ்டர்… நாற்பது ஃபாரன்ஹீட்டா, இப்போ நாற்பத்திநாலா… கதவை அடிக்கடி திறந்திருப்பா, மூடி வையுங்கோ, ஒரு மணி நேரம் பார்த்துட்டுச் சொல்லுங்கோ. ரிசீவரை வைத்தார்.

நாற்பத்திநாலு, குளிர் குறைந்துகொண்டே வருகிறது. கதவு இல்லை சார், கதவு இல்லை… எழுந்து பத்தடி நடந்தால் சார் அறை, நடக்க வேண்டியதுதானே, ஏன் கால் வரவில்லை. இந்த மாசக் கடைசியில் பர்மனெண்ட் காகிதம் வருகிறது, யூஜின் அதைச் சொல்லித்தான் மர்பி டவுன் வீட்டுக்காரரிடம் இன்னொரு அறை கேட்டு வைத்திருக்கிறான், கட்டினவன் முகத்தில் எப்படி முழிப்பது. அதைவிட, இதை நினைக்கவே வெட்கமாக இருந்தது, அதைவிட ஒன்று உண்டு, அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருமே அவளைச் சந்தேகப்பட மாட்டார்கள். பையில் குங்குமம், யார் வைத்தது என்று கேட்பார்கள், ஷெட்டில் முப்பது பேர், முப்பது பேரையும் நினைப்பார்கள், பிரிஜெட்டை நினைக்கவே மாட்டார்கள், கழுத்தில் சிலுவை போட்ட பெண் குங்குமம் தொடுவாளா. பதினொரு மாசமாக எந்த ஓரத்தில் நின்று மனசு சுருங்கினாளோ அந்த ஓரமே இப்போது நல்ல மறைவிடமாக இருந்தது. பழி கோவிந்தண்ணாவுக்குப் போகும், ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர், பெயிண்டா குங்குமமா என்று பார்க்கத் தெரியாதா உனக்கு என்று சார் கத்துவார்… இல்லையென்றால் பன்னிரண்டாவது பை சரியானதாகவே இருக்கலாம், கதவைத்தான் திறந்திருப்பார்களோ, பதினொன்றில் மூன்று சரியாக இருக்கும்போது… யாரோ ஒருத்தி பிரசவ மேஜையில் ரத்தம் ரத்தம் என்று கிடக்கும்போது இந்தக் கணக்கைப் போய்ச் சொல்வாயா நீ.

எப்போது டப்பாவைத் திறந்தாள், எப்போது பையைக் கையில் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, அக்கா, இத்தப் பாருங்க என்று நீட்டிவிட்டாள். இதுல பெயிண்ட் இல்லக்கா, குங்குமம், தப்பான பக்கத்துல இருக்குது, கோவிந்தண்ணா இதுல ஒண்ணத்தான் போட்டுக்கினு போயிருக்காரு. நான் என்று ஒரு சொல் அதற்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. லட்சுமம்மா பையை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள், வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள், நகத்தால் லேசாகச் சுரண்டி நகத்தைப் பார்த்தாள், பிறகு பிரிஜெட்டைப் பார்த்தாள், லட்சுமம்மா அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்து யாரும் பார்த்ததே இல்லை. அப்புறம், தட்டு என் கைலதான இருந்துச்சி, நான்தான் வெச்சிருப்பேன், ஒரு பொழுது வேற, தலை சுத்திக்கினே இருந்துச்சி, என்ன செஞ்சேன்னு யாருக்குத் தெர்யும், வா மே, சாரண்ட சொல்லலாம், அந்தப் பொட்டிய மொதல்ல நிறுத்தணும், என்று பையை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

சார் பையைக் கையில் வாங்கியதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கத்தவில்லை, கத்தாததுதான் பயமாக இருந்தது. வாசலில் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திய கோவிந்தப்பாவைக் கூப்பிட்டு, காலை அடுப்பில் வெந்த தட்டிலிருந்து, மறுபூஜை முடிந்து கைக்கு வந்த பிரஷால் பிரிஜெட் பொட்டு வைத்துக் கொடுத்த புதுப் பை ஒன்றைச் சின்ன டப்பாவில் போட்டு மெழுகு வைத்து, ஆஸ்பத்திரிக்கு விரட்டினார், போனதும் பாட்டிலை எல்லாம் ஐஸுக்கு மாத்தச் சொல்லு, அப்புறம் மெஷினைத் தொடு. கோவிந்தப்பா பிரிஜெட்டை ஒரு தரம் பார்த்தார், கோபமாக இல்லை, குழந்தை மாதிரி, உன் பொட்டுனு நெனச்சேனேம்மா, என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். அதன் பிறகுதான் சார் கேட்டார், யார் இதுல குங்குமம் வெச்சது. நான்தான் சார் என்றாள் லட்சுமம்மா. நான்தான் சார், நான் வெச்சேன், என்று பிரிஜெட்டும் சொன்னாள், சொல்லிவிட்டாள், சத்தம் கொஞ்சம் கம்மிதான், ஆனாலும் சொன்னாள். சார் அவளைப் பார்த்துச் சிரித்தார். உனக்கும் குங்குமத்துக்கும் என்னம்மா சம்பந்தம், அவளுக்காகப் பரிஞ்சு பேசறியாக்கும், நல்ல மனசுதான், ஆனா வேலையில இதெல்லாம் கூடாது, போ. இல்ல சார், நெஜமாவே… அது சும்னே சொல்லுது சார், சின்னப் பொண்ணு, என்று லட்சுமம்மா குறுக்கே விழுந்தாள், விழுந்ததும் பிரிஜெட்டின் வாய் மூடிக்கொண்டது. நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. அது நிம்மதி. ஆமாம், நிம்மதிதான், வேறு பெயர் வைத்து ஏமாற்ற முடியாது, சொல்லியாயிற்று, அவர்கள் நம்பவில்லை, நான் என்ன செய்ய.

பத்தரை மணிக்கு மறுபடி டெலிபோன். கோவிந்தப்பா பேசினார், பை தலைகீழாகத்தான் இருந்தது, பொடி அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது, குழாயை ஊதிச் சுத்தம் செய்தாயிற்று, பாட்டில்கள் எல்லாம் ஐஸில் பத்திரம். ஷெட்டில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். சார் அறையில் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது, லட்சுமம்மாவுக்கு மெமோ, மூன்று நாள் சஸ்பென்ஷன் என்று யாரோ சொன்னார்கள், ஒம்பது வருஷ சர்வீஸ் எனக்கு, மூணு நாள் தூங்குவேன், போங்க, என்று அவள் அடுப்பங்கரையிலிருந்தே பதில் சொன்னாள். டைப்ரைட்டர் நின்று நின்று அடித்தது, இன்னும் முடியவில்லை, முடிந்தால் கையெழுத்துப் போடுவார், போட்ட பிறகு…

குங்குமம் பட்ட பைகளைப் பிரித்து மணிகளை வேறு துணியில் தைக்கும்படி சார் உத்தரவு. பதினொன்றும் மேஜைமேல் கிடந்தன, லட்சுமம்மா ஒரு முனையிலும் பிரிஜெட் மறுமுனையிலும் உட்கார்ந்தார்கள். பிரிஜெட் ஒரு பையை எடுத்துக் கறையைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் சிவப்பு. சிவப்பு மட்டும்தான். அடுப்புக் கதவில் புதன்கிழமை வைத்தது இன்னும் அழியாமல் இருக்கிறதே, மஞ்சள் ஒரு இழுப்பு, அதன் மேல் குங்குமம், தராசிலும் அப்படி, லேத்திலும் அப்படி, சார் மேஜைக் காலிலும்… ஷெட் முழுக்க மஞ்சள் இல்லாமல் ஒரு பொட்டு கிடையாது. இதில் மஞ்சள் எங்கே. முதலில் மஞ்சள் வைக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள், பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், பார்த்தும் தெரியவில்லையே, அது தெரியாத ஒரே ஆள் இந்த ஷெட்டில்… ஜன்னலோரம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, நகத்தால் சுரண்டி நகத்தைப் பார்த்தாளே, அப்புறம்தானே நான்தான் வெச்சிருப்பேன் என்றாள். அப்போதேவா. அப்போதே தெரிந்துவிட்டதா, தெரிந்துகொண்டுதான்…

அக்கா, என்றாள் பிரிஜெட். லட்சுமம்மா நிமிரவில்லை, தையலைப் பல்லால் இழுத்துப் பார்த்து, வராமல், அந்தக் கத்திரிய எட்து குடு மே, என்று கையை மட்டும் நீட்டினாள். பிரிஜெட் கத்திரியை எடுத்தாள், கொடுக்கவில்லை, அதையும் குங்குமப் பையையும் கையில் பிடித்தபடி எழுந்து நின்று, டைப்ரைட்டர் ஓய்ந்துபோன சார் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.